தண்ணீரால் வண்டி ஓடுமா?

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்னும் பழம்பதி அமைந்திருக்கிறது. தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம் அது. பங்குனித் திங்களில் அங்கு நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமண விழாவைக் காணச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரள்திரளாக வருவர். முற்காலத்தில் அவர்கள் மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் வந்தனர். இக்காலத்திலோ பேருந்துகளிலும் சிற்றுந்துகளிலும் வந்து இறங்குகின்றனர். அம்மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல்லையும் சிமெண்டையும் சுமந்துகொண்டு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. மாடு இழுத்த பாரத்தையெல்லாம் இன்று இயந்திரம் இழுக்கிறது.

மாட்டிற்கு வைக்கோலும் புல்லும் ஊரிலேயே கிடைத்தன. இயந்திரத்திற்கு வேண்டிய எண்ணெயோ கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. எங்கோ ஒரு தொலைநாட்டில் போர் மூண்டால் எண்ணெய் விலை ஏறுகிறது. அதனால் லாரியின் வாடகை ஏறுகிறது. சந்தையில் கத்தரிக்காயின் விலையும் ஏறுகிறது. இந்நிலையில், ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவர் ஐப்பசி வெள்ளம் பெருகி ஓடுவதைக் கண்டு, ‘இத்தண்ணீரைக் கொண்டே வண்டியை ஓட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’ என்று எண்ணுவது இயல்பே.

இவ்வெண்ணம் முற்றிலும் பேதைமையானதன்று. தண்ணீருக்குள் எரியக்கூடிய பொருள் ஒன்று உண்மையாகவே அடங்கியிருக்கிறது. அதுவே ஹைட்ரஜன் எனப்படும் நீரகம். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஹென்றி கேவண்டிஷ் 1766ஆம் ஆண்டில் அதனைத் தனியொரு வாயுவாக ஆராய்ந்து கண்டார். அது எரியும்போது நீர் உண்டாவதை அறிந்த பிரெஞ்சு அறிஞர் இலவாசியர், ‘நீரை ஈனுவது’ என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டினார். 1800ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி, அதனை நீரகமாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துக் காட்டினர். இச்சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குழாயில் சேரும் வாயுவைப் போல மற்றொரு குழாயில் இரு மடங்கு சேரும். இரு மடங்காகச் சேர்ந்ததே நீரகம். அக்குழாயின் வாயருகே எரியும் குச்சியை ஆசிரியர் நீட்டினால், ‘டப்’ என்ற ஒலியுடன் அது எரிந்துபோகும்.

ஒன்பது கிலோகிராம் தண்ணீரில் ஒரு கிலோகிராம் நீரகமும் எட்டுக் கிலோகிராம் பிராணவாயுவும் உள்ளன. அந்த ஒரு கிலோகிராம் நீரகம் எரிந்தால், ஏறத்தாழ மூன்று கிலோகிராம் பெட்ரோல் எரிந்தாற்போன்ற ஆற்றல் வெளிப்படும். அது எரிந்தபின் கரிப்புகை இல்லை, எஞ்சுவது நீராவியே. இத்தகைய பொருளைக் கொண்டு வண்டியை இயக்க மனிதன் முயன்றதில் வியப்பில்லை. பெட்ரோலால் ஓடும் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அம்முயற்சி தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரான்சுவா இசாக் டி ரிவாஸ் என்பவர், நீரகத்தை மின்பொறியால் எரியவைத்து இயங்கும் எஞ்சின் ஒன்றை 1807ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதனை ஒரு வண்டியிலும் பொருத்தினார்.

போர்க்காலங்களில் எண்ணெய் கிடைப்பது அரிதானபோது இம்முயற்சிகள் மீண்டும் தலைதூக்கின. 1941ஆம் ஆண்டில் செருமானியப் படைகள் ருசிய நாட்டின் லெனின்கிராடு நகரத்தை முற்றுகையிட்டன. பகை விமானங்களைத் தடுப்பதற்காக நீரகம் நிரப்பிய பெரிய பலூன்களை அந்நகரத்தார் வானில் பறக்கவிட்டிருந்தனர். அப்பலூன்களைக் கீழே இழுக்கும் உருளைகள் லாரி எஞ்சின்களால் சுழற்றப்பட்டன. பெட்ரோல் தீர்ந்துபோகவே, பலூன்களை இறக்க வழியில்லாமற்போயிற்று. அப்போது போரிஸ் ஷெலிஷ் என்னும் இளம் படை அலுவலர், பலூன்களில் தங்கிப் பயனற்றுப்போன நீரகத்தை அந்த எஞ்சின்களுக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். முதலில் தீ பின்னோக்கிப் பாய்ந்து விபத்து நேர்ந்தது. அவர் மனந்தளராமல், வாயு வரும் வழியில் தண்ணீர்த் தடுப்பு ஒன்றை அமைத்துத் தீ திரும்பாதவாறு செய்தார். எஞ்சின்கள் இயங்கின.

அதே போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தின் சாலைகளில் ஓடிய ‘கரி பஸ்’களைப் பற்றி முதியோர் கதை கதையாகக் கூறுவதுண்டு. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸின் பின்புறத்தில் உயரமான இரும்பு உலை ஒன்றைப் பொருத்தினர். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டினர். புறப்படுவதற்கு நெடுநேரம் முன்னதாகவே ஒருவர் காற்றாடியைக் கையால் சுழற்றிக் கரியைக் கனியவைக்க வேண்டும். குறைந்த காற்றில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு உண்டாகும். கரியிலுள்ள ஈரமும் நீராவியாகி அக்கனலின்மீது படும்போது, நீரின் பிராணவாயுவைக் கரி பற்றிக்கொள்ள, நீரகம் தனித்து வெளிப்படும். இவ்வாயுக்களின் கலவையைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தினர். ஆகவே, அந்தக் கரி உலையும் ஒரு வகையில் வண்டியோடு சேர்ந்து ஓடிய நீரக ஆக்கியே ஆகும்.

எனினும் அவ்வாயுவில் பாதியளவு எரியாத நைட்ரஜனே இருந்தது. அதனால் எஞ்சினின் வலிமை குறைந்தது. மேட்டுச் சாலை வந்தால் பயணிகள் இறங்கி நடப்பதும், சில வேளைகளில் வண்டியைத் தள்ளுவதும் உண்டாம். கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவாதலின் உலையைக் கையாண்டவர்கள் விழிப்பாக இருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கரி உலைகள் மெல்ல மெல்ல மறைந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கருதத்தக்கது ஒன்று உண்டு. லெனின்கிராடின் நீரகம் முன்னரே வேறிடத்தில் ஆற்றல் செலவிட்டு உண்டாக்கப்பட்டது. கரி பஸ்ஸின் நீரகத்திற்கு உரிய விலையைக் கரி கொடுத்தது. மூட்டை மூட்டையாகக் கரி எரிந்து சாம்பலானதால்தான் பஸ் ஓடியது. ஈரம் மட்டும் அதனை ஓட்டவில்லை. இந்த உண்மையை மறந்தவர்களே பிற்காலத்தில் ஏமாற்றத்திற்கு உள்ளாயினர்.

1996ஆம் ஆண்டில், இராசபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒருவர், மூலிகையின் உதவியால் தண்ணீரையே எரிபொருளாக மாற்றுவதாகக் கூறினார். நாடெங்கும் அது பேசப்பட்டது. பின்னர் அந்த எரிபொருள் விற்பனைக்கும் வந்தது. அதனை ஆராய்ந்தபோது, அது பெட்ரோலியப் பொருள்களின் கலவையே என்பது புலனாயிற்று. வழக்கு நெடுங்காலம் நடந்து, 2016ஆம் ஆண்டில் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு ஏற்பட்ட இழப்பே அக்கதையின் துயரமான பகுதி.

இன்றும் வேறொரு வடிவில் அவ்வாசை உலவுகிறது. தண்ணீர் நிரம்பிய சிறு கலம் ஒன்றை வண்டியில் பொருத்தி, மின்கலத்தின் கம்பிகளை அதனுடன் இணைத்தால், உண்டாகும் நீரகம் எஞ்சினுக்குள் சென்று எண்ணெய்ச் செலவைப் பாதியாக்கும் என்று சிலர் கூறி அக்கருவியை விற்கின்றனர். கலத்தில் குமிழிகள் பொங்கி எழுவதைக் கண்ணால் காணலாம். அவ்வாயு எரிவதையும் காட்டுவர். கண்டவர் மனம் நம்பிவிடும். ஆதலின் குமிழிகளைப் பார்ப்பதோடு நில்லாமல் கணக்கையும் பார்க்க வேண்டும்.

திருமழபாடியிலிருந்து அரியலூருக்குச் சுமை ஏற்றிச் செல்லும் லாரிக்காரர் ஒருவர் அக்கருவியை வாங்கிப் பொருத்தினார் என்று கொள்வோம். அதற்கு வேண்டிய மின்சாரம் மின்கலத்திலிருந்து வருகிறது. மின்கலத்தை நிரப்புவது டைனமோ. டைனமோவைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை இயக்குவதோ அவர் விலை கொடுத்து வாங்கிய டீசல். டீசலில் நூறு பங்கு ஆற்றல் இருப்பதாக வைத்துக்கொண்டால், எஞ்சின் அதில் ஏறத்தாழ முப்பது பங்கினையே சுழலும் வேலையாக மாற்றுகிறது. மற்றவை வெப்பமாகக் கழிகின்றன. அம்முப்பது பங்கினையும் டைனமோவிற்கே கொடுத்தாலும், மின்சாரமாக வெளிவருவது பதினெட்டுப் பங்கு அளவில் இருக்கும். அம்மின்சாரம் நீரைப் பிரிக்கும்போது மேலும் ஒரு பகுதி சூடாகிப் போக, நீரகத்தில் தங்குவது பன்னிரண்டு பங்கு. அந்நீரகம் மீண்டும் எஞ்சினில் எரிந்தால் வேலையாக மாறுவது நான்கு பங்கிற்கும் குறைவு. முப்பது கொடுத்து நான்கு பெறும் வாணிகத்தை எந்த வணிகர் விரும்புவார்?

மற்றொரு வகையாலும் இதனை அளந்து அறியலாம். பன்னிரண்டு வோல்ட் மின்கலத்திலிருந்து இருபது ஆம்பியர் மின்னோட்டம் அக்கலத்திற்குச் செல்லுமானால், ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் நீரகம் மிகுதியாகப் போனாலும் ஏறத்தாழ நான்கு கிராமே. அதிலுள்ள ஆற்றல் மூன்று தேக்கரண்டி டீசலில் அடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் டீசல் குடிக்கும் லாரிக்கு அது எம்மாத்திரம்! நீரகம் சிறிதளவு கலந்தால் எஞ்சினில் எரிதல் விரைவாக நடைபெறும் என்பது உண்மைதான். ஆராய்ச்சியாளர்கள் அதனைச் சோதித்தும் இருக்கின்றனர். ஆனால், அந்நீரகத்தை உண்டாக்கும் செலவு அதே எண்ணெயிலிருந்து கழிக்கப்படும்போது, பாதிச் செலவு மிஞ்சும் என்னும் பேச்சுக்கு இடமே இல்லை.

இங்ஙனம் ஆவதன் காரணம் எளியது. விறகு எரிந்தால் சாம்பல் எஞ்சுகிறது. அதுபோலவே நீரகம் எரிந்தால் நீர் எஞ்சுகிறது. ஆகவே, உலகிலுள்ள தண்ணீரெல்லாம் முன்னொரு காலத்தில் எரிந்து முடிந்த நீரகத்தின் சாம்பல் என்றே கூறலாம். சாம்பலை அடுப்பில் இட்டுச் சோறு பொங்குவார் எவருமில்லை. கொள்ளிடமே இதற்கு மற்றொரு சான்று. மேட்டூர் அணையிலிருந்து காவிரி நீர் உயரத்தினின்று விழும்போது உருளைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பின்னர் அது முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடமாகித் திருமழபாடியைக் கடந்து கடலை நோக்கிச் செல்கிறது. அந்நீரை மீண்டும் மேட்டூருக்கு ஏற்ற வேண்டுமானால், அது விழும்போது கொடுத்ததைவிட மிகுதியான ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். ஆற்றலை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றலாமேயன்றிப் புதிதாகப் படைக்க இயலாது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூல் முதலிய அறிஞர்கள் சோதனை வாயிலாக நிலைநாட்டினர். அவ்விதிக்கு இன்றுவரை விலக்கு எதுவும் காணப்படவில்லை.

அங்ஙனமாயின் நீரகத்தால் பயனே இல்லையோ எனின், உண்டு, பெரும்பயன் உண்டு. கடலுக்குச் சென்ற நீரை மீண்டும் மலைக்கு ஏற்றுவார் ஒருவர் இருக்கின்றார் அல்லரோ? கதிரவனே அவர். அவர் கடல்நீரை ஆவியாக்கி மேகமாக எழுப்பி, குடகு மலையில் மழையாகப் பெய்விப்பதால்தான் காவிரி ஆண்டுதோறும் பெருகுகிறது. அதேபோல், கதிரவனின் வெப்பத்தாலும் காற்றின் விசையாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்தால், எண்ணெய் எரிக்காமலே நீரகத்தைப் பெறலாம். நண்பகலில் மிகும் மின்சாரத்தை இரவுக்கும், காற்று வீசும் திங்களில் மிகுவதை வீசாத திங்களுக்கும் சேமித்து வைக்க அது உதவும். குடம் தண்ணீரைச் சுமந்து வருவதுபோல நீரகம் ஆற்றலைச் சுமந்து வரும். ஊற்றிலிருந்து நிரப்பாத குடம் வெறுங்குடமே என்பதை மட்டும் மறத்தல் கூடாது.

அவ்வாறு பெற்ற நீரகத்தை எஞ்சினில் எரிக்கலாம். எரிக்காமலே மின்சாரமாகவும் மாற்றலாம். வில்லியம் குரோவ் என்னும் அறிஞர் 1839ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டார். நீரகத்தையும் பிராணவாயுவையும் ஒரு கலத்தில் இருபுறமும் செலுத்தி, அவை கூடி நீராகும்போதே மின்சாரத்தைப் பெறுவது அவ்வழி. எரிபொருள் மின்கலம் என்று அது வழங்கப்படுகிறது. 1969ஆம் ஆண்டில் திங்களுக்குச் சென்ற அப்பல்லோ கலத்தில் மின்சாரம் தந்தவை இத்தகைய மின்கலங்களே. அவற்றில் உண்டான நீரை விண்வெளி வீரர்கள் பருகினர்.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணிகள் நிகழ்ந்துள்ளன. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார், நீரகத்தை நீர்மமாக்கி இராக்கெட்டுகளில் பயன்படுத்தக் கற்றுத் தேர்ந்தனர். அதற்கு நீரகத்தைச் சுழிக்குக் கீழே 253 செல்சியஸ் அளவு குளிர்விக்க வேண்டும். நெடுநாள் முயற்சிக்குப் பின், இந்தியாவிலேயே செய்த அத்தகைய எஞ்சின் பொருத்திய இராக்கெட்டு 2014ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெற்றியுடன் பறந்தது. அந்த அனுபவத்தைத் தரைக்கும் பயன்படுத்த எண்ணி, டாட்டா மோட்டார் நிறுவனத்துடன் சேர்ந்து நீரகத்தால் ஓடும் பேருந்து ஒன்றை அவர்கள் உருவாக்கினர். அது 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மகேந்திரகிரியிலேயே ஓட்டிக் காட்டப்பட்டது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நீரகத்தால் இயங்கும் இரயில் பெட்டி ஒன்று சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் வெற்றியுடன் சோதித்துப் பார்க்கப்பட்டது. நீரகத்தைத் தூய வழியில் பெருக்குவதற்கென 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2030ஆம் ஆண்டிற்குள் ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் டன் நீரகம் உண்டாக்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது.

இவ்வழியில் இடர்கள் இல்லாமலில்லை. நீரகம் காற்றைவிட ஏறத்தாழப் பதினான்கு மடங்கு இலேசானது. ஒரு கிலோகிராம் நீரகம் சாதாரண நிலையில் 11,000 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின், அதனைக் காற்றழுத்தத்தைப்போல் 350 மடங்கு, 700 மடங்கு அழுத்தி வலிய உருளைகளில் அடைக்க வேண்டியிருக்கிறது. சிறு துளை வழியாகவும் அது கசியும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. 1937ஆம் ஆண்டில் ஹிண்டன்பர்க் என்னும் வான்கப்பலில் நிரப்பியிருந்த நீரகம் தீப்பற்றி முப்பத்தாறு பேர் உயிரிழந்தனர். ஆதலின் வீட்டுத் திண்ணையிலும் பழுதுபார்க்கும் கடையிலும் அறைகுறை அறிவுடன் நீரகத்தைக் கையாளுதல் ஆபத்தாகும். மேலும், இன்று உலகில் உண்டாக்கப்படும் நீரகத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. அப்போது வண்டியில் புகை இல்லாவிடினும், ஆலையில் கரிவளி வெளிப்படத்தான் செய்கிறது.

எனவே, புதிய எரிபொருள் என்று எவரேனும் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், ‘இதிலுள்ள ஆற்றல் எங்கிருந்து வந்தது?’ என்னும் ஒரு கேள்வியைக் கேட்டல் வேண்டும். கரியிலிருந்து வந்ததா, காற்றிலிருந்து வந்ததா, கதிரவனிடமிருந்து வந்ததா, அன்றி வண்டியிலுள்ள எண்ணெயிலிருந்தே வந்ததா என்று விடை காணும்வரை கேள்வியை விடுதல் கூடாது. இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த லாரிக்காரர் தம் கைப்பொருளை இழக்கமாட்டார். அதே கேள்வியைக் கேட்டு விடை தேடும் மாணவர் பிற்காலத்தில் பொறியியல் கற்று, அதற்கு நல்ல விடை ஒன்றைத் தாமே ஆக்கித் தரவும் கூடும்.

கோடையில் கொள்ளிடம் வற்றி, திருமழபாடிக்கு எதிரே மணற்பரப்பு நெடுந்தொலைவு விரிந்து கிடக்கும். அம்மணலின்மீது நாள் முழுவதும் வெயில் காய்கிறது. வண்டியை ஓட்டும் வலிமை ஆற்றுநீரில் ஒளிந்திருப்பதாக எண்ணியவர்கள் அவ்வெயிலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வெயிலை மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தால் நீரைப் பிரித்து, அந்நீரகத்தால் பங்குனி விழாவிற்குப் பேருந்து வரும் நாள் ஒன்று வருமாயின், அப்போதும் தண்ணீரால் வண்டி ஓடியது என்று கூறுதல் பொருந்தாது. கதிரவனின் ஆற்றலைத் தண்ணீர் சுமந்து வந்து கொடுத்தது என்பதே உண்மையாகும்.